என் கடை ஊசியும் குள்ளம்மாளின் காலும்

ஊசி என்னுடையது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறைத்துவிட்டுக் குள்ளம்மாளைப் பற்றி எழுதினால் நான் ஏதோ யோக்கியன் மாதிரி ஆகிவிடும்.

மாரண்டஹள்ளியில் சந்தைக்குப் போகும் தெருவில் எனக்குத் தையல் கடை. பெயர் அப்துல் சுபான், ஊருக்கு சுபான் பாய். என் கடைக்கு நேர் எதிரே காளியப்பனின் கிளினிக். கிளினிக் என்றால் ஒரு அறை, வெளியே ஒரு பெஞ்சு, உள்ளே ஒரு ஸ்டவ், அதன்மேல் ஊசி கொதிக்கும் பாத்திரம். ஓசூரில் ஒரு டாக்டரிடம் நாலு வருடம் கம்பவுண்டராக இருந்துவிட்டு வந்து, போர்டில் பெயருக்குப் பின்னால் மூன்று இங்கிலீஷ் எழுத்தை எழுதிக்கொண்டான். அது என்ன படிப்பு என்று யாரும் கேட்கவில்லை. ஊர் அவனை டாக்டர் என்றது, நானும் டாக்டர் என்றேன். காய்ச்சலுக்கு ஒரு ஊசி, வயிற்றுவலிக்கு ஒரு ஊசி. சும்மா அசதியாக இருக்கிறது என்று வந்தால் சிவப்பாக ஒரு ஊசி.

குள்ளம்மாளுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். பெயர்தான் அப்படி, ஆள் நல்ல உயரம். புருஷன் செத்துப் பல வருடமாகியிருந்தது. ஊருக்கு மேற்கே ஒன்றரை ஏக்கர் தோட்டத்தில் தக்காளியும் கத்தரியும் அவரையும் போட்டு, மாரியப்பன் என்ற ஒரே மகனை வளர்த்துக் கல்யாணமும் செய்து வைத்து, ஒரு பேரனையும் பார்த்துவிட்டவள். சந்தை நாளில் கிளினிக் சுவரோரம் சாக்கை விரித்து உட்கார்ந்தால் மதியத்துக்குள் கூடை காலியாகிவிடும். காய் நன்றாக இருக்கும், அதைவிட வாய் நன்றாக இருக்கும். விலை குறைத்துக் கேட்பவர்களைத் திட்டியே வாங்க வைத்துவிடுவாள்.

அந்த வாயைக் காளியப்பனிடமும் காட்டினாள். ஒரு சந்தை நாளில் அவன் வந்து அவளுடைய தக்காளியை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து, சப்பையான காய் என்று உதட்டைப் பிதுக்கினான். அவன் போடுகிற சிவப்புத் தண்ணி ஊசியைவிடத் தன் தக்காளியில் சத்து அதிகம் என்றாள் குள்ளம்மாள், பத்துக் கடை தள்ளி இருப்பவருக்கும் கேட்கிற மாதிரி. சந்தையே சிரித்தது. நானும் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தேன். காளியப்பன் மட்டும் சிரிக்கவில்லை. எடுத்த தக்காளியை மெதுவாகக் கூடையில் வைத்துவிட்டுப் போனான்.

அது நடந்து ஒரு வருடம் கழித்து, எண்பத்திரண்டில், தீபாவளிக்கு முந்தின சந்தை. என் கடை முழுக்கத் துணி. நிமிர்ந்து பார்க்க நேரமில்லை. குள்ளம்மாள் காய் பரப்பியிருந்த சாக்கை விட்டு எழுந்து, ஒரு காலைச் சாய்த்து வைத்து நடந்து வந்து கிளினிக்கில் ஏறினாள். உள்ளங்காலில் கருவேல முள் ஏறியிருக்கிறது. ஏறி எத்தனை நாள் என்று அவளுக்கே தெரியவில்லை. வலி இல்லை, வாடை வந்த பிறகுதான் காலைத் திருப்பிப் பார்த்திருக்கிறாள்.

அந்தக் காலத்தில் எங்கள் ஜில்லாவில் சுவர் இருந்த இடமெல்லாம் ஒரே எழுத்துதான். "உணர்ச்சியற்ற தேமல் தொழுநோயின் அறிகுறி." சுகாதார ஆட்கள் வீடு வீடாக வந்து சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகைப் பார்த்துவிட்டுப் போவார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அந்த வாசகம் மனப்பாடம். தேமல் என்ற வார்த்தை மறந்துபோய், உணர்ச்சி இல்லை என்றால் அதுதான் என்று ஊர் முடிவு செய்து வைத்திருந்தது. காளியப்பனின் கிளினிக் சுவரிலும் நீல எழுத்தில் அதுவே இருந்தது, குள்ளம்மாள் காய் விற்கும் இடத்துக்கு நேர் மேலே.

காளியப்பன் காலைப் பார்த்தான். பிறகு தெருவைப் பார்த்தான். அவளை உள்ளே கூப்பிடாமல் வெளியே பெஞ்சில் உட்கார வைத்தான். "பாய், ஒரு ஊசி குடுங்க" என்று எதிர்ப்பக்கம் கை நீட்டினான். முள்ளை எடுக்கத்தான் கேட்கிறான் என்று நினைத்துக் காஜா எடுக்கிற ஊசியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பித்தான் துளைக்கு ஓரம் தைக்கும் ஊசி, கொஞ்சம் தடிமனாக இருக்கும்.

முந்தானையால் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னான். அவளும் மூடிக்கொண்டாள். குதிகாலில் குத்தினான். அவள் அசையவில்லை. நடுப்பாதத்தில் குத்தினான், கட்டை விரலில் குத்தினான். ரத்தம் முத்தாக நின்றது. தக்காளி வாங்க வந்தவர்கள், துணி வாங்க வந்தவர்கள் எல்லாரும் பெஞ்சைச் சுற்றி நின்றார்கள். முந்தானைக்குள்ளிருந்து குள்ளம்மாள் கேட்டாள்.

"ஆரம்பிச்சாச்சுங்களா?"

காளியப்பன் எழுந்து நின்று, சுவரில் இருந்த எழுத்தைக் கையால் தட்டினான்.

"எல்லாரும் பாத்தீங்க இல்ல? உணர்ச்சி இல்ல. குஷ்டம்."

வாயால் மட்டும் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். அவன் செய்து காட்டினான். கண்ணைத் திறந்தபோது தன் காலில் மூன்று இடத்தில் ரத்தத்தைப் பார்த்தாள், குத்தியது தெரியவில்லை என்பது அவளுக்கே தெரிந்தது. அதற்குமேல் அந்த வாய் எதைச் சொல்லும்? அவளிடம் கத்தரிக்காய் வாங்கியிருந்த ஒருத்தி பையைத் திறந்து காயைத் திரும்பச் சாக்கில் கொட்டினாள். காளியப்பன் எல்லாரும் பார்க்க மூன்று முறை டெட்டாலில் கை கழுவினான். ஊசியை என்னிடம் நீட்டினான். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அதையும் அவள் பார்த்தாள்.

மாரியப்பன் நல்ல பையன்தான், கோழை. பெண்டாட்டி பயந்தாள், அவனும் பயந்தான். அன்று மாலையே அம்மாவின் பாய், தட்டு, ஒரு பானை எல்லாம் தோட்டத்து மோட்டார் ரூமுக்குப் போயின. பம்புசெட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நீட்டிப் படுக்கக்கூட இடம் போதாது. சோற்றை வாசலில் வைத்துவிட்டுக் குரல் கொடுத்துவிட்டுப் போவான். பேரனுக்கு இரண்டு வயது. தோட்டத்துக்கு வந்தால் ஆயாவிடம் ஓடப் பார்ப்பான், அவன் அம்மா தூக்கிக்கொண்டு போய்விடுவாள். குள்ளம்மாள் விளைவித்த காயை மாரண்டஹள்ளியில் ஒருவரும் வாங்கவில்லை. மூட்டை கட்டி லாரியில் ஓசூருக்கு அனுப்பினால் அங்கே யார் கை பட்டது என்று யாருக்கும் தெரியாது, விற்றுவிடும்.

ஐந்து மாதம் இப்படிப் போனது. என் மனைவி ஷகிலாதான் என்னைக் குத்திக் குத்தி எழுப்பினாள். ஊசி கொடுத்தது நீங்கள், கூட்டத்தில் நின்றது நீங்கள், அந்தப் பெண்பிள்ளைக்கு நிஜமாகவே அந்த நோய் என்றால் மாத்திரை வாங்கித் தரக்கூட இந்த ஊரில் ஓர் ஆண்பிள்ளை இல்லையா என்று கேட்டாள். எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது சரி என்பதால் வந்த கோபம். மறுநாள் குள்ளம்மாளைக் கூட்டிக்கொண்டு பாலக்கோடு பஸ் ஏறினேன்.

அங்கே தொழுநோய்க்காரர்களுக்கு வாரம் ஒரு நாள் மாத்திரை கொடுப்பார்கள். வேப்ப மரத்தடியில் வரிசை. விரல் மடங்கிய ஒரு பெரியவர் குள்ளம்மாளின் காலைப் பார்த்துவிட்டு நகர்ந்து இடம் கொடுத்தார், தன் சொம்புத் தண்ணீரையும் கொடுத்தார். அவள் வாங்கிக் குடித்தாள். பரிசோதனை செய்தவர் தலை நரைத்த அரசாங்க ஊழியர், வேலை தெரிந்த மனிதர். உடம்பு முழுக்கத் தேமல் தேடினார். முழங்கைக்குப் பின்னாலும் முழங்காலுக்குப் பக்கத்திலும் விரலை வைத்து நரம்பை உருட்டிப் பார்த்தார், தடித்திருக்கிறதா என்று. காது மடலைக் கொஞ்சம் கீறிக் கண்ணாடித் துண்டில் தடவி அனுப்பினார். அடுத்த வாரம் போனபோது, இது எங்கள் நோய் இல்லை, ரெண்டு காலும் ஒரே மாதிரி மரத்திருக்கிறது, தருமபுரியில் போய் மூத்திரத்தைச் சோதித்துப் பாருங்கள் என்றார்.

தருமபுரியில் ஒரு டாக்டரம்மா. மூத்திரத்தை நீல மருந்தோடு சோதனைக் குழாயில் விட்டுக் காய்ச்சினார்கள். நீலம் பச்சையானது, பச்சை மஞ்சளானது, கடைசியில் செங்கல் நிறம். டாக்டரம்மாவுக்கு அதற்கு மேல் சந்தேகம் இல்லை, ஆனாலும் விடவில்லை. ரப்பர் சுத்தியால் குதிகாலுக்கு மேலே தட்டினார், பாதம் துள்ளவில்லை. இரண்டு கிளை உள்ள ஒரு இரும்புக் கவையைத் தட்டி அதிர வைத்து, அதன் காம்பைக் கட்டை விரலில் வைத்தார். தெரியவில்லை. கணுக்காலில் வைத்தார். தெரியவில்லை. முழங்காலில் வைத்தபோது, "கிர்ருங்குதுங்க" என்றாள் குள்ளம்மாள். ஐந்து மாதத்தில் அவள் முகத்தில் ஒரு சிரிப்பை அன்றுதான் பார்த்தேன்.

பிறகு கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சாலும் குண்டூசியாலும் தொட்டுக் கேட்டார். சில தடவை தொடாமலே "இப்போ?" என்று கேட்டார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தொடாமல் எதற்குக் கேட்கிறீர்கள் என்றேன். சில பேர் பயத்தில், இல்லை நம்மைச் சந்தோஷப்படுத்த, தெரியாவிட்டாலும் தெரிகிறது என்பார்கள், தொடாமல் கேட்டால் யார் சொல்வது நிஜம் என்று தெரிந்துவிடும் என்றார் டாக்டரம்மா. கண்ணை மூடியிருந்த குள்ளம்மாள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இது சக்கரை வியாதிம்மா. ரொம்ப நாளா இருந்திருக்கு, உங்களுக்குத் தெரியல. நரம்பை அரிச்சிருக்கு. காலுக்குப் போற நரம்புதான் ரொம்ப நீளம், அதனால அங்கதான் முதல்ல போகும். விரல்ல ஆரம்பிச்சு, சாக்ஸ் போட்ட மாதிரி மேல ஏறும்."

"அப்போ குஷ்டம் இல்லீங்களா?"

"இல்லவே இல்ல. இருந்தாலும் அதுக்கு மருந்து இருக்கு. காலைக் காட்டாம அஞ்சு மாசம் வெச்சிருந்தீங்களே, அதுக்குத்தான் மருந்து இல்ல."

நாற்பது நாள் படுக்கையில் இருந்தாள். இரண்டு விரல் போயிற்று. தினம் ஊசி, புண்ணுக்குக் கட்டு. காலைத் தினமும் திருப்பிப் பார்க்க வேண்டும், செருப்பை உதறிவிட்டுத்தான் போட வேண்டும், வெந்நீரைக் கையால் தொட்டுப் பார்க்காமல் காலில் ஊற்றக்கூடாது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கிளம்பும் நாளில், தொழுநோய் இல்லை என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்கினாள். மாரண்டஹள்ளியில் பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டுக்குப் போகாமல் நேராகக் கிளினிக்குக்கு நடந்தாள்.

காளியப்பன் அந்தச் சீட்டைக் கையில்கூட வாங்கவில்லை. இந்த மாதிரிச் சீட்டு எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும், ஊர் கண்ணால் பார்த்ததை ஒரு சீட்டு மாற்றிவிடுமா என்று பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தான். அவர்களும் சிரித்தார்கள். இரண்டு விரல் போன கால் வேறு அவனுக்குச் சாட்சியாகிவிட்டது. இதற்குமேல் என்ன வேண்டும் ஊருக்கு? மாரியப்பனிடம் சீட்டைக் காட்டினேன். படித்தான். அழுதான். பெண்டாட்டி ஒத்துக்கொள்ள மாட்டாள் என்றான்.

அன்று சாயங்காலம் என் கடை வாசலில் தக்காளிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து குள்ளம்மாள் சொன்னாள்.

"அந்த நோய்க்காரரு எனக்குத் தண்ணி குடுத்தாருங்க, பாய். நம்மூருக்காரங்கதான் என் காயத் தொடல. இவன் அதே எடத்துல, அதே சந்தையில, அவன் வாயாலயே இல்லைன்னு சொல்லணும். சொல்ல வெக்காம நான் சாவ மாட்டேன்."

அதற்குப் பிறகு அவளுக்கு அது ஒன்றுதான் வேலை. சந்தை நாளில் வருவாள். விற்க அல்ல. என் கடை வாசலில் அதே பெட்டியில் உட்கார்ந்து எதிரே பார்த்துக்கொண்டிருப்பாள். மூன்று வருடம். காளியப்பனுக்கு முதலில் சிரிப்பாக இருந்தது, பிறகு எரிச்சலாக இருந்தது. என்னிடம் ஆள் விட்டுச் சொன்னான். என் கடை வாசல், என் இஷ்டம் என்று சொல்லி அனுப்பினேன். அன்று ஊசியை வாங்காமல் கையைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு அந்தப் பெட்டியாவது இருக்கட்டும் என்று நினைத்தேன்.

எண்பத்தாறில் காளியப்பன் இளைக்க ஆரம்பித்தான். சட்டையை இரண்டு தடவை என்னிடம் கொடுத்துப் பிடிக்கச் சொன்னான். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தான், அடிக்கடி கிளினிக்குக்குப் பின்னால் போய் வந்தான். நான் இதையெல்லாம் தையல்காரன் கண்ணால்தான் பார்த்தேன், இடுப்பளவு குறைகிறது என்று. குள்ளம்மாள் வேறு மாதிரி பார்த்தாள்.

புரட்டாசியில் ஒரு நாள் அவன் டிவிஎஸ் ஃபிப்டியை நிறுத்திவிட்டு இறங்கிக் கிளினிக்குள் போனான். ஒரு செருப்பு தெருவிலேயே கிடந்தது. ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் இல்லை, அவன் பாட்டுக்குப் போய் உட்கார்ந்து ஊசி போட ஆரம்பித்துவிட்டான். கழன்றது அவனுக்குத் தெரியவில்லை.

குள்ளம்மாள் என் முழங்கையைப் பிடித்தாள். அதற்கு முன்னும் பின்னும் அவள் என்னைத் தொட்டதில்லை.

"பாத்தீங்களா, பாய்?"

பார்த்தேன். எனக்கும் புரிந்தது. பத்து நாள் கழித்து இன்னொன்றும் பார்த்தோம். அவன் ஏறிப்போன சிமெண்டுப் படியில் சிவப்புப் பொட்டு, அடிக்கு ஒரு பொட்டு. புதுச் செருப்பு. அடியில் ஆணி மேலே வந்திருக்க வேண்டும். அவன் நடந்துகொண்டேயிருந்தான்.

சொல்லிவிடலாம் அக்கா, புண் பெரிதானால் கால் போய்விடும், உனக்குத் தெரியாததா என்றேன். எனக்குத் தெரிந்ததால்தான் சொல்ல வேண்டாம் என்கிறேன் என்றாள். தீபாவளிக்கு முந்தின சந்தைக்கு மூன்று வாரம் இருந்தது. அந்தச் சந்தைதான் வேண்டும், அன்றைக்குப் பார்த்த கூட்டம்தான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டாள். நான் சொன்னால் அந்தப் பெட்டியில் இனி உட்கார மாட்டேன் என்றாள். நான் சொல்லவில்லை. அவளுக்குப் பயந்து என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கும் அவன் மேல் அவ்வளவு கோபம் இருந்தது.

தீபாவளிக்கு முந்தின சந்தை வந்தது. பதினோரு மணிக்கு, கூட்டம் தோளோடு தோள் உரசும் நேரத்தில், குள்ளம்மாள் பெட்டியை விட்டு எழுந்து தெருவைக் கடந்தாள். கிளினிக் வாசலில் நின்று, காய் விற்ற காலத்துக் குரலில் கூப்பிட்டாள்.

"டாக்டரே. நாலு வருசத்துக்கு முந்தி என் கண்ண மூட வெச்சுக் குத்திப் பாத்தீங்க. இன்னிக்கி நான் உங்களக் குத்திப் பாக்கறேன். ஒவ்வொரு குத்தும் உங்களுக்குத் தெரிஞ்சுதுன்னா எனக்கு அந்த நோய்தான்னு நானே ஒத்துக்கறேன். தோட்டத்த வுட்டுட்டு ஊர வுட்டே போயிடறேன்."

அவன் போ போ என்று கையை வீசினான். கூட்டம் போகவில்லை. ஒரு வெற்றிலைக்காரி, டாக்டருக்கு ஊசின்னா பயமா என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு எப்போதுமே அவனுக்கு ஆகாது. வந்து பெஞ்சில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, வலது காலை நீட்டினான். கேட்கும்போதெல்லாம் குத்துகிறது என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது என்று கணக்குப் போட்டிருப்பான்.

அவனுடைய துண்டாலேயே அவன் கண்ணைக் கட்டினாள். "பாய், ஒரு ஊசி குடுங்க" என்று என் பக்கம் கை நீட்டினாள். நான் தயாராக வைத்திருந்தேன். அதே அளவு காஜா ஊசி.

காலைத் தூக்கிப் பார்த்தாள். கட்டை விரலுக்குக் கீழே ஆணி போட்ட துளை, சுற்றிலும் கருப்பு. வாடை எனக்கே வந்தது. மூன்று வாரமாகத் தன் காலைத் திருப்பிப் பார்க்காத டாக்டர்.

ஊசியைக் காலுக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"குத்துதுங்களா?"

"குத்துது" என்றான்.

ஊசியை இன்னும் தள்ளித் தன் தலைக்குமேல் தூக்கினாள், பின்னால் நிற்பவர்களும் பார்க்கிற மாதிரி.

"இப்போ?"

"நல்லாவே குத்துது. போதுமா?"

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. அவள் இடது கையை உயர்த்தினாள், எல்லாரும் அடங்கினார்கள். பிறகு ஒன்றும் கேட்காமல், குதிகாலில் ஊசியை மெதுவாக ஏற்றினாள், கால்வாசி உள்ளே போகும்வரை. விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஊசி தானாக நின்றது. காளியப்பன் அடுத்த கேள்விக்காகக் காத்துக்கொண்டு தலையை லேசாகச் சாய்த்து உட்கார்ந்திருந்தான்.

"ஆரம்பிச்சாச்சா?" என்று அவன் கேட்டான்.

வெற்றிலைக்காரிதான் முதலில் சிரித்தாள். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. அவன் துண்டை இழுத்துவிட்டுக் குனிந்தான். தன் குதிகாலில் நிற்கும் ஊசியைப் பார்த்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. எனக்கு அப்போது பாவமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. மோட்டார் ரூம் ஞாபகம்தான் வந்தது.

குள்ளம்மாள் சுவரில் வெளுத்துப்போயிருந்த நீல எழுத்தைக் கையால் தட்டினாள்.

"எல்லாரும் பாத்தாங்க. இப்போ சொல்லு, காளியப்பா. இது என்னா நோய்?"

குஷ்டம் என்று சொன்னால் அவனுக்குக் குஷ்டம். இல்லை என்று சொன்னால் அவளுக்கும் இல்லை. மூன்று வருடம் உட்கார்ந்து யோசித்தவளின் கேள்வி அது. அவன் உதட்டை நக்கினான்.

"சக்கர" என்றான்.

"அந்தப் பக்கம் நிக்கறவங்களுக்குக் கேக்கல."

"சக்கர வியாதி. சக்கர வந்தா காலு மரத்துப் போவும். குஷ்டம் இல்ல."

"எனக்கு வந்தது?"

"அதுவும் சக்கரதான்."

அவள் அத்தோடு விட்டிருப்பாள் என்று நினைக்கிறேன். ஆனால் அவன் சொன்ன வேகம் அவளுக்கு இடித்தது. சோதிக்காமலே எப்படித் தெரியும், எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டாள். கூட்டமும் கேட்டது. கடைசியில் கக்கினான். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் சேலத்தில் யாருக்கும் தெரியாமல் போய்ச் சோதித்திருக்கிறான். அங்கிருந்த டாக்டர் காலைப் பற்றியெல்லாம் சொல்லியிருக்கிறார். அதாவது குள்ளம்மாளுக்கு வந்தது என்ன நோய் என்று அன்றைக்கே அவனுக்குத் தெரிந்துவிட்டது. சந்தைக்குச் சந்தை எதிரே பெட்டியில் அவளைப் பார்த்துக்கொண்டு, ஒன்றரை வருடம் வாயைத் திறக்காமல் ஊசி போட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

அவள் குனிந்து ஊசியைப் பிடுங்கினாள். "செருப்புல ஆணி இருக்குது, பாரு. நாளைக்கே தருமபுரி போ" என்றாள். அவ்வளவுதான். ஊசியைத் துடைத்து என்னிடம் நீட்டினாள். இந்தத் தடவை வாங்கிக்கொண்டேன்.

அவள் சாக்கு மறுபடி அந்தச் சுவரோரம் வந்தது. அடுத்த சந்தையில் வெற்றிலைக்காரி முதல் ஆளாக வந்து கத்தரிக்காய் பொறுக்கினாள். மாரியப்பன் வந்து, வூட்டுக்கு வந்துடும்மா என்று காலில் விழுந்தான். அவள் போகவில்லை. மோட்டார் ரூமை இடித்துவிட்டு அங்கேயே இரண்டு அறை கட்டிக்கொண்டாள், பேரனை மட்டும் தினம் அனுப்பச் சொன்னாள். மருமகளை இன்றுவரை உள்ளே விட்டதில்லை. அவளை ஏன் இன்னும் தண்டிக்கிறாய் என்று ஷகிலா ஒரு தடவை கேட்டாள். ஓடி வந்த பேரனைத் தூக்கிக்கொண்டு போன கை எப்படி இருந்தது என்று தனக்கு ஞாபகம் இருக்கிறது என்றாள்.

காளியப்பன் தருமபுரி போகவில்லை. வெட்கம். தனக்குத் தானே ஊசி போட்டுக்கொண்டு இருபது நாள் கதவைச் சாத்திக்கொண்டிருந்தான். பிறகு சேலத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. அந்தச் செய்தி வந்த அன்று கடையைப் பூட்டிவிட்டுத் தோட்டத்துக்கு நடந்தேன். அந்தச் சிவப்புப் பொட்டை நானும் பார்த்தேனே. மூன்று வாரம் முன்னாலேயே சொல்லியிருக்கலாம், அக்கா, கால் தப்பியிருக்கும் என்று போய்ச் சொன்னேன். குள்ளம்மாள் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அவன் ஒன்றர வருசம் சொல்லல, பாய். நான் மூணு வாரம்."

கிளினிக் மூடிவிட்டது. போர்டைக் கழற்றிவிட்டார்கள். இப்போது அங்கே உரக்கடை, வெளியே பெஞ்சு மட்டும் அப்படியே இருக்கிறது. காளியப்பன் கட்டைக் கால் வைத்துக்கொண்டு நடக்கிறான். சந்தை நாளில், இரண்டு வருடமாக ஒரு வாரம்கூடத் தவறாமல், இருக்கிற காலாவது தப்பட்டும் என்று பதினோரு மணிக்கு அதே பெஞ்சுக்கு வந்து உட்காருகிறான். குள்ளம்மாள் வியாபாரத்தை அப்படியே விட்டுவிட்டு என்னிடம் ஊசி வாங்கிக்கொண்டு போகிறாள். அவன் கண்ணைக் கட்டி, மிச்சமிருக்கும் இடது காலைத் தூக்கி, விரல் இடுக்கெல்லாம் பார்த்து, செருப்பை உதறி, குத்திக் குத்திக் கேட்கிறாள். சந்தைக்கு வந்தவர்கள் நின்று பார்க்கிறார்கள். தெரியாத இடத்தில் தெரியவில்லை என்றே அவன் சொல்கிறான். ஒரு தடவை கொப்புளம் ஒன்றை அவள்தான் கண்டுபிடித்துத் தருமபுரிக்கு விரட்டினாள். அந்தக் கால் இன்னும் இருப்பது அவளால்தான்.

போன வாரம் கூட்டம் கலைந்த பிறகு ஊசியைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். எனக்குக் கொஞ்ச நாளாகவே கேட்க வேண்டும் என்று இருந்தது. அவனை மன்னித்துவிட்டாயா, அக்கா, இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்கிறாயே என்றேன்.

ஊசியை என் மேஜைமேல் இருந்த பஞ்சுப் பொட்டலத்தில் செருகினாள்.

"மன்னிச்சிருந்தா அவன் வூட்டுக்குப் போய்ப் பாத்திருப்பனே, பாய்" என்றாள். "சந்தையில வெச்சுத்தான பாக்கறேன்."